ஆறு நிமிஷம், நாற்பது செகண்டு

ஒரு கால் சமையலறையில், ஒரு கால் கூடத்தில். நிலைப்படியில் அப்படி நின்றுகொண்டு அவர் கண்ணை மூடியிருக்கிறார். சமையலறை அலமாரியின் மேல் இருக்கும் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடுகிறது. கூடத்து டிவியில் அதே பாட்டு படத்தோடு ஓடுகிறது. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. இரண்டும் ஒரே குரலாகச் சேர்ந்து கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். கால் செகண்டு பிசகினாலும் போதும், பல்லில் கல் கடிபட்ட மாதிரி முகம் கோணிவிடும். மனைவி கையில் கரண்டியோடு அவரை உரசிக்கொண்டு உள்ளே போகிறாள். நகரச் சொல்வதில்லை. அது வீண் வேலை என்று இருபத்தோரு வருஷத்தில் தெரிந்துகொண்டுவிட்டாள்.

தொழில், லிஃப்ட் பழுது பார்ப்பது. பதினோரு கட்டிடங்கள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. ஒன்று ஆஸ்பத்திரி, இரண்டு துணிக்கடைகள், மிச்சமெல்லாம் ஆபீஸும் குடியிருப்பும். லிஃப்ட் வந்து நின்றால் மற்றவர்கள் கதவைப் பார்ப்பார்கள், இவர் தரையைப் பார்ப்பார். லிஃப்ட்டின் தரையும் மாடியின் தரையும் சேருகிற இடத்தில் குனிந்து கட்டைவிரல் நகத்தை வைத்து இழுப்பார். நகம் தட்டினால் அன்றைக்கு அந்த லிஃப்ட் ஓடாது. மேனேஜர் வந்து கெஞ்சினாலும் ஓடாது. "கண்ணுக்கு இது தெரியாதுங்க, காலுக்குத் தெரியும்" என்பார். கதவு மூட எல்லாக் கட்டிடத்திலும் நாலரை செகண்டு வைத்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் மட்டும் ஏழு. பொறுமையில்லாமல் பட்டனைக் குத்துகிறவர்களைப் பார்த்தால் வாயைச் சும்மா வைத்திருக்கமாட்டார். "எத்தனை தடவை அமுக்குனாலும் அதுக்கு ஒரே காதுதாங்க." கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் செகண்டு. அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. போனை எடுத்தாலே, "செகண்டு பேசுறேன், சொல்லுங்க" என்றுதான் தொடங்குவார்.

வீட்டில் ஆறாயிரத்துச் சொச்சம் பாட்டுகள் இருக்கின்றன. அதில் ஆயிரத்து நூற்று நாற்பதுக்குப் படமும் உண்டு. ஆரம்பத்தில் பாட்டை ஒரு டிஸ்கிலும் வீடியோவை வேறொரு டிஸ்கிலும் வைத்திருந்தார். பாட்டு ஒரு பக்கமும் அதன் படம் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து கிடப்பது அவர் மனசுக்கு ஒப்பவில்லை. ஒருநாள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டினார், வம்பு வந்து சேர்ந்தது. பட்டியலில் ஒவ்வொரு பாட்டும் இரண்டு தடவை நின்றது. சமையலறையில் ஒரு பாட்டு முடிந்த கையோடு அதே பாட்டு மறுபடியும் கிளம்பும். இந்தத் தடவை அது வீடியோவின் சத்தம், முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமலோடு வரும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள், "ஏங்க, எனக்கு ஒரு தடவை சொன்னாலே புரியும்."

அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினார். ஒரு பாட்டுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் பாட்டும் படமும் ஒரே பெயரில் அடுத்தடுத்து இருக்கும். பெயரில் முதலில் வருஷம், பிறகு முதல் வரி, பிறகு பாடியவர். பட்டியலில் ஒற்றை வரிதான் தெரியும். சமையலறை கேட்டால் பாட்டு போகும், கூடம் கேட்டால் படம் வரும். படம் கிடைக்காத பாட்டுகளுக்கு 'காத்திருப்போர்' என்று ஒரு பகுதி. படம் மட்டும் கிடைத்து, நல்ல ஒலிப்பதிவு கிடைக்காதவை 'தனிக்கட்டை'. பாடியவர் யார் என்று தெரியாவிட்டால் 'யாரோ' என்று எழுதிவைக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல்லை எழுத அவருக்குக் கை வராது. ஒரு 'யாரோ'வை ஒழிக்க மூன்று வாரம் கண்டவர்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார். மனைவி தன் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள், "ஊர்ல இருக்குற தரகரெல்லாம் இவர்கிட்ட பாடம் கத்துக்கணும். எந்தப் பாட்டுக்கு எந்தப் படம்னு ஜோடி சேர்த்து வச்சாத்தான் இவருக்குத் தொண்டையில சோறு இறங்கும்."

ஜோடி சேர்ந்தால் மட்டும் போதாது, நீளமும் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான வீடியோக்களில் பாட்டு உடனே தொடங்கிவிடுவதில்லை. யாரோ கதவைத் தட்டுவார்கள், அலை அடிக்கும், ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஓடுவாள். பாட்டு முடிந்த பிறகும் யாராவது ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் அகராதியில் இதற்கெல்லாம் 'நீட்டல்' என்று பெயர். சமையலறை ஸ்பீக்கரையும் கூடத்து டிவியையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட ஒரு சின்னப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். பெட்டிக்குக் கிளப்பத்தான் தெரியும், அளவைச் சரியாக வைப்பது அவர் பொறுப்பு. கூடத்தில் முன்னால் பதினோரு செகண்டு நீட்டல் இருந்தால், சமையலறையில் பல்லவி பாதி போன பிறகுதான் கூடத்தில் வாத்தியம் தொடங்கும். நிலைப்படி தாண்டுகிற மனைவிக்கு ஒரே பாட்டு இரண்டாகக் கேட்கும். அதனால் முதல் சுரம் வரைக்கும் ஒரு வெட்டு, கடைசிச் சுரத்துக்கு அப்புறம் ஒரு வெட்டு.

வெட்டியதைப் பழைய வீடியோவின் மேலேயே பதிந்துவிடுவார். இரண்டு பிரதி இருந்தால் பட்டியலில் மறுபடியும் இரண்டு வரி வந்துவிடுமே என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொத்தத்தையும் இன்னொரு டிஸ்கில் அச்சு அசலாகப் படியெடுப்பார். இதில் இல்லாதது அதிலும் இருக்காது. வெட்டிப் போட்டது எத்தனை செகண்டு என்பதை மட்டும் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் பாட்டு வாரியாக எழுதி வைப்பார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. லிஃப்ட்டில் கழற்றிய பாகத்தை எழுதி வைக்கிற பழக்கம், அது வீட்டிலும் தொற்றிக்கொண்டுவிட்டது என்பார்.

மனைவியின் தம்பி குடிநீர் ஆபீசில் எழுத்தராக இருக்கிறான். சாயங்காலங்களில் அவன் பாடகன். நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு நடத்தினான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொந்தமாக ஒன்பது பாட்டுகள் போட்டு, மொட்டை மாடியிலும் மூடிய தியேட்டர் வாசலிலும் நின்று பாடிப் படமும் எடுத்தார்கள். படம் எடுத்தவன் டயர் கடை வைத்திருக்கும் நண்பன், எடுத்தது அவனுடைய போனில். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அரட்டை. மச்சினன் டிரம்ஸ்காரனைத் திட்டுவான், மறந்துபோன வரியைக் கேட்பான், ஒன்று இரண்டு மூன்று எண்ணுவான். பாட்டு முடிந்ததும் யார் சொதப்பியது என்று வழக்கு நடக்கும். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்து, "நீங்க வச்சா பத்திரமா இருக்கும் மாமா" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

மாமா பத்திரமாகத்தான் வைத்தார். அன்றைக்கே ஒன்பதையும் வெட்டிச் சீராக்கி, ஒலிப்பதிவோடு ஜோடி சேர்த்துவிட்டார். சீராக்கியதைப் பென் டிரைவிலும் பழையதன் மேலேயே பதிந்து, குழுவில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி போட்டுக் கொடுத்தார். பார்த்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. நிஜமான பாடகர்களின் வீடியோ மாதிரி முதல் சுரத்திலேயே டாண் என்று தொடங்குகிறதே. இடம் அடைக்கிறது என்று பழையதை அவரவர் அழித்துவிட்டார்கள். மச்சினனும் அழித்தான்.

போன வருஷம் மச்சினனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். யோசிக்க ஒரு வாரம்தான் கிடைத்தது. அதற்குள்ளேயே குரல் கரகரத்து வெறும் காற்றாகிவிட்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து பிழைத்துக்கொண்டான். உடம்பு தேறி ஆபீசுக்கும் போகிறான். பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதைப் போனில் தட்டுவான், போன் படித்துச் சொல்லும். அந்தப் போனின் குரல் ஒரு ரயில் நிலைய அறிவிப்பாளரின் குரல் மாதிரி இருக்கும். மகளைச் சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது பிளாட்பாரத்துக்கு வண்டி வருகிற மாதிரி இருக்கிறது என்று அவனே எழுதிக் காட்டிச் சிரிப்பான். சிரிப்புக்கும் சத்தம் இல்லை. செகண்டு அந்த நேரத்தில் வேறு எங்காவது பார்த்துக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருநாள் புதிதாக ஒன்று சொன்னாள். அவன் முன்பு பேசிய பேச்சு ஒரு பத்து நிமிஷம் கிடைத்தால், போனையே ஏறக்குறைய அவன் குரலில் பேச வைக்கலாமாம். ஆனால் பாட்டு உதவாது. பாட்டில் குரல் இழுபட்டுவிடும், பின்னால் வாத்தியம் வேறு. வேண்டியது சும்மா பேசுகிற பேச்சு. மச்சினனோ எதையும் கட்டைவிரலால் தட்டி அனுப்பியே பழகியவன். குரல் பதிந்து அனுப்பியது ஏதாவது இருக்கிறதா என்று எல்லோருடைய போனையும் குடைந்து பார்த்ததில் ஐம்பது செகண்டு தேறியது. அதிலும் பாதி பஸ் சத்தம். எல்லோரும் செகண்டு வீட்டைப் பார்த்தார்கள்.

மனைவி ஆபீஸிலிருந்து வந்த கையோடு விஷயத்தைச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நம்மிடம்தான் தம்பியின் பேச்சு வேண்டிய மட்டும் இருக்கிறதே, அந்த ஒன்பது வீடியோவிலும் வாய் மூடாமல் பேசியிருப்பானே என்றாள். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதல் வீடியோவைத் திறந்தார். முதல் சுரம் விழுந்தது. இரண்டாவதைத் திறந்தார், அதிலும் அப்படித்தான். ஒன்பதிலும் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் ஒன்பதையும் திறந்தார். படியெடுத்து வைத்த டிஸ்கிலும் அதே ஒன்பது, அதே நீளத்தில் இருந்தன. தன்னுடைய ஒழுங்கே தனக்கு ஆப்பு வைத்துவிட்டது என்று அவருக்கு அப்போது புரிந்தது.

"பேச்சு எங்கங்க?"

"வெட்டிட்டேன்."

"எவ்வளவு?"

நீல நோட்டை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். ஒன்பது வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். வாய்க்குள்ளேயே கூட்டினார்.

"ஆறு நிமிஷம், நாற்பது செகண்டு."

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். "அது அவன் பேச்சுங்க. நீட்டல் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் ஸ்பீக்கரை அணைத்தாள். ஒரு வாரத்துக்கு அதை யாரும் போடவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் மச்சினன் வீட்டில் இறங்கினார். சுற்றி வளைக்காமல் சொன்னார். நோட்டையும் காட்டினார். அவன் ஒன்பது வரியையும் படித்துவிட்டு, போனை எடுத்து ரொம்ப நேரம் தட்டினான். "என் பேச்சைவிடப் பாட்டே தேவலைன்னு அப்பவே கண்டுபிடிச்சிருக்கீங்க மாமா" என்றது அறிவிப்பாளர் குரல். கிண்டல்தான். கோபம் துளிகூட இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கையில் டீ தம்ளரோடு உட்கார்ந்து அழுதார். மச்சினன் அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான்.

அன்றையிலிருந்து வேட்டை. 'யாரோ'க்களைத் தேடிப் பழகிய மூளை இப்போது வேறு பக்கம் திரும்பியது. டிரம்ஸ்காரனைப் பிடித்தார், கீபோர்டுக்காரனைப் பிடித்தார், கிடார்காரனை அவன் மாமனார் வீடு வரை போய்ப் பிடித்தார். மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். நீங்க பண்ணிக் கொடுத்தது இருக்கே அண்ணே, அதைவிட என்ன வேணும், அவ்வளவு நீட்டா இருக்கே. ஒவ்வொரு தடவையும் அந்தப் பாராட்டு முடிவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடைசியில் டயர் கடைக்காரன் மேஜை டிராயரைக் கவிழ்த்தான். வால்வு மூடிகளுக்கும் துருப்பிடித்த ஸ்பானருக்கும் நடுவே, கண்ணாடி நொறுங்கிய பழைய போன் ஒன்று கிடந்தது. படம் எடுத்த போன் அதுதான். ரிப்பேர் கடையில் பேட்டரி மாற்றி, திரை மாற்றி, நாலு நாள் கழித்து உயிர் வந்தது. ஒன்பது பாட்டும் அதில் இல்லை, எப்போதோ அழித்திருக்கிறார்கள். ஆனால் தேறாமல் போனவை இருந்தன. தொடங்கிப் பாதியில் நின்றவை, அடி தப்பியவை, நாய் குரைத்தவை, சிரிப்பு வந்து கெட்டவை என்று மொத்தம் இருபத்து மூன்று.

மூன்று சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "டேய், மூணுன்னு சொன்னா அடி. ரெண்டுலயே உனக்கு என்னடா அவசரம்" என்றான் மச்சினன். தண்ணீர் கேட்டான். வெயிலைத் திட்டினான். பதினேழாவதில் பாட்டு சறுக்கியதும் சத்தமாகச் சிரித்துவிட்டு, "இதை மட்டும் மாமாகிட்ட குடுத்துடாதீங்கடா, மானம் போயிடும்" என்றான். அவர் அந்த இடத்தை நாலு தடவை கேட்டார். அவரிடம் கொடுக்கக் கூடாது என்று ஒதுக்கியதால்தான் இருபத்து மூன்றும் தப்பியிருக்கின்றன. ஹெட்போனைக் கழற்றி மனைவியின் காதில் வைத்தார். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

பிறகு வெட்ட ஆரம்பித்தார். பாட்டு தொடங்குகிற இடத்தில் ஒரு வெட்டு, பாட்டு நிற்கிற இடத்தில் ஒரு வெட்டு. பாட்டைத் தள்ளிவிட்டுப் பேச்சை எடுத்து வைத்தார். வாத்தியம் லேசாகக் கலந்திருந்தாலும் பயிற்சிப் பெண் வேண்டாம் என்றிருந்தாள், அதனால் நல்ல வார்த்தைகள் பல போயின. சலித்து எடுத்ததில் ஏழு நிமிஷம் ஐம்பது செகண்டு மிஞ்சியது. முன்பு போன்களில் கிடைத்த ஐம்பது செகண்டில் தேறியதையும் சேர்த்து அனுப்பினார். பத்து நிமிஷம் வரவில்லையே என்று பயிற்சிப் பெண்ணுக்குத் தினமும் போன் போட்டு, அவள் எடுப்பதையே நிறுத்துகிற அளவுக்கு நச்சரித்தார். இருபத்து மூன்று வீடியோவையும் முழுசாக, ஒரு செகண்டு குறையாமல், பாட்டுகளோடு சேர்த்துவிட்டார். பட்டியலில் இப்போது ஒரே பாட்டு ஐந்து தடவை, ஆறு தடவை என்று வரிசையாக நிற்கிறது. மனைவி அதைச் சுட்டிக்காட்டினாள். நிக்கட்டும் என்றார்.

ஒரு மாதம் கழித்துக் குரல் வந்தது. ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்த மச்சினன் மாதிரி இருந்தது, இருந்தாலும் மச்சினன்தான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் முதலில், "அக்கா, தண்ணி குடு" என்று தட்டினான். அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். கொண்டுவந்ததைக் கொடுக்க மறந்து, தம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

குரல்தான் வந்தது, வேகம் வரவில்லை. ஒரு வாக்கியம் தட்ட அவனுக்கு இருபது முப்பது செகண்டு பிடிக்கிறது. அதற்குள் மற்றவர்கள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போய்விடும். அக்காவுக்குப் பாசம் அதிகம், பொறுமை குறைவு. இதைத்தானே சொல்ல வந்தாய், அதைத்தானே சொல்ல வந்தாய் என்று அவளே முடித்துவைப்பாள். பெரும்பாலும் தப்பாக இருக்கும். போன் வாய் திறக்கும்போது அந்த விஷயம் ஆறிப்போயிருக்கும், எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். கொஞ்ச நாளாக அவன் தட்டுவதே குறைந்துவிட்டது. தலையை ஆட்டியே காலம் தள்ளப் பார்க்கிறான். வேறு யாரும் கவனிக்கவில்லை, செகண்டு கவனித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து மச்சினன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். டிவியில் ஒரு பாட்டு, சரணத்தின் நடுவில் இருக்கிறது. சமையலறையிலும் அதே வரி, மயிரிழை பிசகாமல். மச்சினன் எதையோ நினைத்துக்கொண்டவன் போல் போனைக் கையில் எடுக்கிறான். இரண்டு எழுத்து தட்டுவதற்குள் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, சத்தம் கூட்டணுமா என்கிறாள். செகண்டு அவளை நோக்கி உள்ளங்கையை உயர்த்துகிறார். ரிமோட்டை எடுத்துப் பாட்டைப் பாதி வரியில் நிறுத்துகிறார். இரண்டு அறையும் ஒரே சமயத்தில் அமைதியாகின்றன. தன் நாற்காலியைத் தூக்கி மச்சினனுக்கு எதிரே போட்டுக்கொண்டு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். மச்சினன் தட்டுகிறான். ஒரு வார்த்தையை அழிக்கிறான். மறுபடியும் தட்டுகிறான். அவர் உட்கார்ந்திருக்கிறார்.